கார்ட்டூன் பழகிய கையால் நாகேஷை வரைவது எப்படி?

கேள்வி: ஆறு வருடமாக ஐபேடில் புரோகிரியேட் என்ற வரையும் செயலியை வைத்து வரைகிறேன். என் பாணி கார்ட்டூன். கறுப்புக் கோடு, உள்ளே தட்டையான வண்ணம். அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு, அவருக்கு உயிரான நாகேஷை நிஜம்போல வரைந்து பிரேம் போட்டுக் கொடுக்க ஆசை. மூன்று முறை வரைந்துவிட்டேன். கண், மூக்கு, வாய் எல்லாம் தனித்தனியாகச் சரியாக இருக்கிறது. மொத்தமாகப் பார்த்தால் நாகேஷ் இல்லை. எங்கே தப்பு?

பதில்:

நீங்கள் இணைத்திருந்த மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மீசை அவருடையது, நெற்றி அவருடையது, சிரிப்பும் கிட்டத்தட்ட அவருடையதுதான். ஆனால் கன்னம் மழமழவென்று இருக்கிறது. தாடை ஓரம் கம்பியை வளைத்த மாதிரி ஒரே இழுப்பில் ஓடுகிறது. ஆறு வருடமாக உங்கள் கை எதையெல்லாம் தேவையில்லை என்று தள்ளிப் பழகியதோ, நாகேஷின் முகம் அங்கேதான் இருக்கிறது. அம்மைத் தழும்பு, ஒட்டிய கன்னத்தின் பள்ளம், சதைப்பற்று இல்லாத தாடை எலும்பு. எந்தப் பாணியும் சிலதை விட்டுவிடச் சொல்லும். உங்கள் பாணி விடச் சொல்வதை எல்லாம் விட்டுவிட்டால் நாகேஷில் மிச்சம் இருப்பது மீசை மட்டும்தான்.

எனக்கும் இது நடந்திருக்கிறது. சிறுவர் கதைகளுக்குப் படம் போட்டுக்கொண்டிருந்த காலத்தில், ஒரு சபா மலருக்காக எம்.எஸ். சுப்புலட்சுமியை வரையச் சொன்னார்கள். இரண்டு பக்கமும் வைர மூக்குத்தி, மல்லிகை, குங்குமம், பட்டுப்புடவை, எதையும் விடவில்லை. அதைப் பார்த்த ஒரு வயதான மாமி, "மூக்குத்தி எம்.எஸ்.ஸோடது, முகம் யாரோடது?" என்று கேட்டார். அன்றைக்குப் புரிந்தது. அடையாளப் பொருள்களை வரைவது சுலபம். ஜாடையை வரைவது வேறு வேலை. ஜாடை உறுப்புகளில் இருப்பதைவிட உறுப்புகளுக்கு நடுவே இருக்கும் தூரத்திலும் சாய்விலும், வெளிச்சம் இருட்டாக மாறும் இடங்களிலும்தான் அதிகம் இருக்கிறது.

முதலில் எந்த நாகேஷ் என்று முடிவு செய்யுங்கள். அவர் பிறந்தது 1933-ல். 1964-ல் 'சர்வர் சுந்தரம்' வந்தபோது முப்பதைத் தாண்டியிருந்தார். 1989-ல் 'அபூர்வ சகோதரர்கள்' வில்லனாக நடிக்கும்போது ஐம்பத்தைந்தை ஒட்டிய வயது. நடுவே முகம் முழுக்க மாறிவிட்டது. கூகுளில் கிடைத்ததை எல்லாம் ஒரே கோப்பில் போட்டுக்கொண்டு, கண்ணை ஒரு படத்திலிருந்தும் வாயை இன்னொன்றிலிருந்தும் எடுத்தால் இரண்டு வயதுக்காரர்கள் ஒரே முகத்தில் சண்டை போடுவார்கள். உங்கள் மூன்றாவது படத்தில் அது கொஞ்சம் நடந்திருக்கிறது: கண்ணுக்குக் கீழே பை விழுந்த பிற்கால நாகேஷ், வாயோ அறுபதுகளின் வாய். அப்பாவுக்கு எந்தக் காலத்து நாகேஷ் பிடிக்கும் என்று அம்மாவிடம் கேட்டுவிட்டு, அந்த நாலைந்து வருடத்துப் படங்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ரெஃபரன்ஸ், அதாவது பார்த்து வரைய வைத்துக்கொள்ளும் படம், எடுக்கும்போது மிகவும் கவனமாக இருக்க வேண்டிய ஒரு விஷயம். பழைய நடிகர்களின் கறுப்பு வெள்ளைப் படங்களை ஏஐ வைத்துக் கூர்மையாக்கி, கலர் போட்டு நிறையப் பேர் சுற்றில் விடுகிறார்கள். பார்க்க அம்சமாக இருக்கும். ஆனால் அந்த மென்பொருள் தழும்பைப் படத்தில் விழுந்த கீறல் என்று நினைத்துத் துடைத்துவிடுகிறது. கண்ணில் இல்லாத மினுக்கத்தைச் சேர்க்கிறது. தோலுக்குத் தானாக ஒரு மேற்பரப்பைக் கற்பனை செய்து போடுகிறது. அதைப் பார்த்து வரைந்தால், நாகேஷை ஏற்கெனவே அழித்துவிட்ட ஒரு படத்தைப் பார்த்து வரைகிறீர்கள். அதைவிட, படத்தையே ஓடவிட்டு அவர் ஒரு நொடி நிற்கும் இடத்தில் நிறுத்தி எடுத்த மங்கலான ஸ்கிரீன்ஷாட் பல மடங்கு நம்பகமானது. இதுமாதிரி ஏழெட்டு எடுங்கள். ஒன்று மட்டும் பிரதானம். மற்றவை சந்தேகம் தீர்த்துக்கொள்ள.

பிரதான ஸ்டில்லில் வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து விழ வேண்டும். நேர் எதிரே விளக்கு வைத்து எடுத்த விளம்பர ஸ்டில்களில் மேக்கப்பும் வெளிச்சமும் சேர்ந்து முகத்தைத் தட்டையாக்கியிருக்கும், தழும்பும் கரைந்திருக்கும். ஏற்கெனவே தட்டையாக வரைந்து பழகிய உங்களுக்கு அந்தப் படம் துளியும் உதவாது.

இனி வரைவதற்கு வருவோம். நான் சொல்லப்போகும் முதல் வேலை உங்களுக்கு விநோதமாகப் படலாம். நாகேஷை உங்கள் கார்ட்டூன் பாணியிலேயே ஐந்தாறு தடவை வரையுங்கள், ஒவ்வொன்றும் இரண்டு நிமிடத்துக்குள். எதைப் பெரிதாக்கினால் சட்டென்று அவராகிறார், எதைச் சுருக்கினால் காணாமல் போகிறார் என்று உங்கள் கைக்குத் தெரியவரும். இது வெறும் பயிற்சியாகத் தெரிந்தாலும் கண்டுபிடிப்பே இதில்தான் நடக்கிறது. கோபுலுவை நினைத்துக்கொள்ளுங்கள் (1924–2015). வார்த்தையே இல்லாத ஜோக்குகளை நாலு கோட்டில் வரைந்த அதே கைதான் ஆனந்த விகடனில் 'தில்லானா மோகனாம்பாள்' தொடருக்கு மனதில் நிற்கிற முகங்களையும் வரைந்தது. கார்ட்டூன் தெரிந்தவருக்கு முகவெட்டைப் பிடிப்பதில் ஒரு அனுகூலம் உண்டு. அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகப் பிறக்க வேண்டியதில்லை.

அடுத்தது அளவு. இதில் கௌரவம் பார்க்காமல் கட்டம் போடுங்கள். சென்னையில் சினிமா பேனர் வரைந்தவர்கள் கையகல ஸ்டில்லில் கட்டம் போட்டு, அதே கட்டத்தை ஆளுயரத்துக்கு மேலான துணிக்கு மாற்றித்தான் வரைந்தார்கள். ஃபிளெக்ஸ் வந்து அந்தத் தொழிலை விழுங்கும்வரை, தமிழ்நாட்டில் நட்சத்திர முகங்களை அதிகம் வரைந்த கைகள் அவர்களுடையவை. புரோகிரியேட்டில் டிராயிங் கைடு என்ற வசதியில் கட்டம் கிடைக்கும். ஆனால் கட்டத்துக்குள் உறுப்புகளைத் தேடாதீர்கள். மூன்று அளவு எடுங்கள்: இரு கண்களின் வெளிமுனைகளையும் மூக்கின் அடியையும் சேர்க்கும் முக்கோணம், மூக்கடியிலிருந்து மேலுதடுவரை உள்ள தூரம், வாய்க்கோட்டின் சாய்வு. நாகேஷ் நேராக நிற்கும் படமே அபூர்வம். தலை எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், அதோடு வாயும் ஒரு பக்கம் ஏறியிருக்கும். அந்தச் சாய்வைக் கொஞ்சம் நேராக்கிவிட்டாலும் மனிதர் போய்விடுவார். உங்கள் இரண்டாவது படத்தில் வாய் அளவுகோல் வைத்தாற்போல் நேராக இருக்கிறது, கவனித்தீர்களா?

கேன்வாஸை இடவலமாகத் திருப்பிப் பார்ப்பது உங்களுக்கு ஏற்கெனவே பழக்கம் என்று நினைக்கிறேன், அது நல்ல சோதனை. தலைகீழாகத் திருப்புவது வரைவதற்கு மட்டும் உதவும், ஏனென்றால் கண் என்று தெரியாமல் வெறும் வடிவமாகப் பார்த்து வரைவீர்கள். ஆனால் ஜாடை வந்ததா என்று தலைகீழாக வைத்துத் தீர்மானிக்காதீர்கள். தலைகீழான முகத்தில் பெரிய கோளாறைக்கூட நம் மூளை கவனிக்காது. மார்கரெட் தாட்சரின் புகைப்படத்தில் கண்ணையும் வாயையும் மட்டும் கவிழ்த்துப் போட்டு 1980-ல் ஓர் உளவியலாளர் இதைக் காட்டினார். தலைகீழாகப் பார்த்தால் சாதாரண முகம், நிமிர்த்தினால் பார்க்கவே பயமாக இருக்கும்.

இப்போது கோடு போடுவதையே கைவிடும் வேலை, உங்களுக்கு மிகவும் சிரமமாக இருக்கப்போவது இதுதான். உங்கள் பிரஷ்ஷில் ஸ்ட்ரீம்லைன் என்ற அமைப்பு அநேகமாக உச்சத்தில் இருக்கும். கார்ட்டூனுக்குக் கோடு வழுவழுவென்று வர எல்லோரும் அப்படித்தான் வைக்கிறோம். அதைச் சைபருக்குக் கொண்டுவாருங்கள். கை நடுங்கினால் நடுங்கட்டும். எலும்பு தெரியும் தாடையை வழுவழுப்பான ஒரே வளைவில் வரைய முடியாது. காதுக்குக் கீழே ஒரு திருப்பம், கன்னம் உள்வாங்கும் இடத்தில் ஒரு தொய்வு, முகவாய்க்கு முன் இன்னொரு சின்னத் திருப்பம் வேண்டும். மென்பொருள் அந்த மூன்றையும் தேய்த்து ஒன்றாக்கித் தருகிறது.

கோட்டுக்கென்று தனி லேயரே (மேலே விரிக்கும் அடுக்கே) வேண்டாம். பெரிய, விளிம்பு கொஞ்சம் சொரசொரப்பான ஒரு பிரஷ்ஷை எடுத்து, ரெஃபரன்ஸைக் கண்ணை இடுக்கிப் பார்த்து, முகம் முழுவதையும் வெளிச்சம், இருட்டு என்று இரண்டே சாம்பல் நிறத்தில் பிரியுங்கள். கண்குழி, மூக்கின் ஒரு பக்கம், கன்னப் பள்ளம், கழுத்து எல்லாம் ஒன்றோடு ஒன்று சேர்ந்து ஒரே இருட்டுத் தீவாகிவிடும். கண் எங்கே என்று தெரியாமல் போனால் பயப்படாதீர்கள். தபால்தலை அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். அந்த அளவில் நாகேஷ் தெரிந்தால் மேற்கொண்டு போங்கள். தெரியாவிட்டால் அங்கேயே நில்லுங்கள், எத்தனை மணி நேரம் ஆனாலும். இருட்டின் வடிவம் தப்பாக இருக்கும்போது இமைமுடி வரைந்து பயனில்லை. பேனர்க்காரர்கள் முகத்தில் பச்சையும் ரோஸும் நீலமும் துணிந்து அப்புவார்கள், ஆனாலும் பஸ்ஸில் போகிறவருக்கு இன்னார் என்று தெரியும். நிறம் எப்படிப் போனாலும் வெளிச்சமும் இருட்டும் அவர்கள் கையில் தப்பவில்லை.

பிறகு மூன்றாவதாக ஒரு நடுச்சாம்பல், அதன் பின் நான்காவது. இங்கே ஓரங்களைப் பற்றி யோசிக்க வேண்டும். கார்ட்டூனில் ஓரம் எல்லாம் ஒரே மாதிரி. நிஜ முகத்தில் மூக்குக்குக் கீழே விழும் நிழலின் ஓரம் கத்தி மாதிரி இருக்கும், கன்னத்தின் உருண்டையில் நிழல் மெதுவாகக் கரையும், தலைமுடி இருட்டுப் பின்னணியோடு சேரும் இடத்தில் ஓரமே இருக்காது. இந்த மூன்றையும் வேறுபடுத்திவிட்டாலே படம் பாதி நிஜமாகிவிடும். ஸ்மட்ஜ் கருவியை மட்டும் தொடாதீர்கள். மெதுவான ஓரம் வேண்டுமென்றால் இரண்டு சாம்பலுக்கும் நடுவில் உள்ள ஒரு சாம்பலை எடுத்து வையுங்கள். தேய்த்துத் தேய்த்து வந்த தோல், கொலு பொம்மைக்கு வார்னிஷ் அடித்த மாதிரி ஆகிவிடும்.

இனி கன்னம். இந்தப் படத்தின் உயிர் இங்கே இருப்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். அம்மைத் தழும்பு என்றதும் பலரும் கறுப்புப் புள்ளிகளைத் தூவுகிறார்கள். அது மச்சம் மாதிரியும் அழுக்கு மாதிரியும் தெரியும். தழும்பு ஒரு குழி. ஒன்றை மட்டும் எடுத்துப் பார்ப்போம். வெளிச்சம் இடது மேலிருந்து வருகிறது என்றால், குழியின் இடது மேல் சுவர் இருட்டாக இருக்கும், வலது கீழ் சுவர் வெளிச்சத்தை வாங்கும். பிறை வடிவில் ஓர் இருட்டு, எதிரே அதைவிட மெல்லிய ஒரு வெளிச்சப் பிறை. மாற்றிப் போட்டீர்கள் என்றால் குழி பருவாகி வெளியே துருத்தும். அதோடு, எல்லா இடத்திலும் போடக் கூடாது. நேர் வெளிச்சம் விழும் கன்னமேட்டில் குழி தெரியாது, முழு இருட்டிலும் தெரியாது. வெளிச்சம் தோலை உரசிக்கொண்டு போகும் அந்த நடுப்பட்டையில்தான் தெரியும். இரண்டு விரல் அகலம்கூட வராது. அங்கே இருபது முப்பது பிறைகள், அளவு மாறி மாறி, சிலது ஒன்றோடொன்று ஒட்டியபடி. தழும்பு பிரஷ் என்று யாராவது செய்து விற்றாலும் வாங்க வேண்டாம். ஒரே குழி திரும்பத் திரும்ப வந்தால் கண் உடனே கண்டுபிடித்துவிடும். முடிந்ததும் அந்த லேயரின் அடர்த்தியை மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள். கிட்டே போனால் தெரிய வேண்டும், நாலடி தள்ளி நின்றால் தோலின் சொரசொரப்பாக மட்டும் உணர வேண்டும்.

இதை எதற்கு இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், அழகான முகம் வேண்டும் என்று கேட்ட ஒரு சினிமாவில் அந்த முகத்தோடு வந்து நின்று ஜெயித்தவர் அவர். அந்தத் தழும்பைத் துடைத்துவிட்டு மரியாதை செய்ய முடியாது.

கண்ணுக்கும் பல்லுக்கும் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளை விழி வெள்ளை இல்லை, மேல் இமையின் நிழல் அதன்மேல் விழுகிறது. பல் வரிசையை ஒரே பட்டையாகப் போட்டு, ஓரங்களை இருட்டில் கரைத்துவிடுங்கள். பல்லுக்குப் பல் கோடு போட்டால் சோளக்கதிர் ஆகிவிடும்.

நிறம். அறுபதுகளின் கறுப்பு வெள்ளைப் படத்திலிருந்து வரைகிறீர்கள் என்றால் தோல் நிறத்தை எங்கிருந்து எடுப்பது? 'காதலிக்க நேரமில்லை' (1964), 'திருவிளையாடல்' (1965) போன்ற கலர்ப் படங்கள் இருக்கின்றன. ஆனால் ஐட்ராப்பரால் நிறத்தை உறிஞ்சி எடுக்காதீர்கள். அந்தக் காலத்து ஈஸ்ட்மென் கலர் பிரிண்டுகளில் நீலப்பச்சைச் சாயம்தான் முதலில் மங்கும், மிச்சப் படம் சிவப்பேறிவிடும். நீங்கள் உறிஞ்சுவது நாகேஷின் நிறத்தை இல்லை, ஃபிலிமின் வயதை. அதற்குப் பதிலாக ஜன்னலோரம் அப்பாவையோ சித்தப்பாவையோ உட்கார வைத்து ஒரு போட்டோ எடுத்து, மாநிறத் தோலில் வெளிச்சம் என்ன செய்கிறது என்று பாருங்கள். ஓவியர் இளையராஜாவின் (1979–2021) கிராமத்துப் பெண்களையும் பாருங்கள். நம் தோலை வெளுக்காமல், கருக்காமல், வெளிச்சத்தோடு சேர்த்து வரைந்தவர்.

உங்கள் பழக்கம், அடி வண்ணத்தின் மேல், கீழே இருப்பதை இருட்டாக்கும் மல்டிப்ளை லேயரில் ஊதா நிழல் போடுவது. தட்டைப் பாணிக்கு அது எடுப்பாக இருக்கும், இங்கே தோல் பிணம் மாதிரி ஆகிவிடும். மாநிறத்தில் நிழல் செம்பழுப்பாக ஆழமாகிறது. வெளிச்சமும் நிழலும் சந்திக்கும் இடத்தில் ஒரு மெல்லிய சிவப்பு கூடும், ரத்தம் ஓடும் தோலுக்குள் வெளிச்சம் புகுந்து வெளியே வருவதால். நெற்றி கொஞ்சம் மஞ்சள், மூக்கும் காதும் சிவப்பு, மழித்த தாடையும் மீசையைச் சுற்றிய இடமும் லேசான நீலச்சாம்பல். சாம்பல் ஓவியத்தின் மேல் கலர் மோடில் ஒரே பழுப்பைப் பூசினால் இந்த வித்தியாசம் வராது, பூசிய பின் இந்தப் பகுதிகளைத் தனித்தனியாகத் தொட்டுத் திருத்த வேண்டும். எண்ணெய் மினுக்கத்துக்கு வெள்ளை போடாதீர்கள். விளக்கின் நிறத்தைக் கொஞ்சம் கலந்து, மூக்கு நுனியிலும் நெற்றி மேட்டிலும் இரண்டு மூன்று தீற்று வைத்தால் போதும். கறுப்புக் கலந்து இருட்டாக்கவே வேண்டாம்.

உரிமை பற்றியும் ஒரு வார்த்தை. வீட்டுச் சுவருக்கு, சொந்த உபயோகத்துக்கு வரைவதில் கவலையில்லை. ஆனால் படம் நன்றாக வந்து, நாலு பேர் காசு கொடுத்துக் கேட்டால் யோசியுங்கள். இந்தியச் சட்டத்தில் சினிமாவுக்கு, வெளியான அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு பதிப்புரிமை உண்டு; புகைப்படத்துக்கு, எடுத்தவர் இறந்த அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு. பாடகர் பிரின்ஸின் புகைப்படத்தை வைத்து ஆண்டி வார்ஹோல் செய்த ஓவியத்துக்கு உரிமம் கொடுத்த வழக்கில், 2023-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் புகைப்படம் எடுத்த லின் கோல்ட்ஸ்மித்தின் பக்கம்தான் தீர்ப்புச் சொன்னது. அத்தனை பெரிய ஓவியர் பாணியை அடியோடு மாற்றியும் அது போதவில்லை. விற்கிறது என்றால் ஒரே ஸ்டில்லை நகலெடுக்காமல், பல படங்களிலிருந்து முகத்தைக் கற்றுக்கொண்டு, வெளிச்சத்தையும் கோணத்தையும் நீங்களே அமைத்து வரைவது நல்லது.

கடைசியாக அச்சு. ஏ3 அளவுக்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) என்றால் கேன்வாஸ் 3508-க்கு 4961 பிக்சல். ஆரம்பத்திலேயே அந்த அளவில் திறந்துவிடுங்கள், பின்னால் பெரிதாக்கினால் தழும்புப் பிறைகள்தான் முதலில் மழுங்கும். லேயர் எண்ணிக்கை குறைவாகக் கிடைக்கும், பத்துக்குள் முடித்துக்கொள்ளப் பாருங்கள். ஐபேட் திரை பின்னாலிருந்து ஒளிர்வதால் இருட்டுக்குள் இருக்கும் எல்லாம் தெரியும், தாளில் அப்படி இருக்காது. கன்னப் பள்ளமும் கண்குழியும் அடைத்துக்கொண்டு ஒரே கறுப்பாக வரும். விழாவுக்கு ஒரு வாரம் முன்பே முகத்தை மட்டும் போஸ்ட்கார்டு அளவில் வெட்டி, பிரேம் போடப்போகும் அதே மேட் தாளில் ஒரு பிரிண்ட் எடுங்கள். அதை வீட்டுக் கூடத்தில், அப்பா மாட்டப்போகும் சுவரில், சாயங்காலம் டியூப்லைட் வெளிச்சத்தில் ஒட்டிப் பாருங்கள். கன்னத்தின் அந்த நடுப்பட்டையில் பிறைகள் தெரியாவிட்டால் நிழலை ஒரு படி வெளிச்சமாக்கிவிட்டு இன்னொரு பிரிண்ட் எடுங்கள்.